பில் அடிக்க மறுக்கும் பிரிண்டர்: புதிது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. போடியில் எங்கள் மொத்த மளிகைக் கடை வாசலில் வண்டிக்குச் சரக்கு ஏற்றி முடிந்துவிட்டது. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் உள்ள மூன்று கடைகளுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. மறுநாள் சனிக்கிழமை, ஏலத்தோட்டங்களில் வாரக்கூலி கொடுக்கும் நாள். கூலி வாங்கிய கையோடு தொழிலாளர்கள் கடைக்கு வரும்போது சரக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். நம்மிடம் வாங்கும் கடைக்காரர் வேறு மொத்தக் கடைக்குப் போவார். இதை வணிகப் பெருமக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"முதலாளி, பில் குடுத்தீங்கன்னா கிளம்பிருவேன்" என்றார் வண்டி டிரைவர். வண்டி டிரைவர் தயார். பிரிண்டர் டிரைவர்தான் தயாராக இல்லை!

எங்களுக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கடைக் கணக்குக்கும். பகலில் மகளின் படிப்புக்கு, மாலையில் என் பில்லுக்கு. அந்த வாரம்தான் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டு விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். பிரிண்டர் மட்டும் பத்து வருடமாக உழைக்கும் அதே டாட் மேட்ரிக்ஸ். பிரிண்ட் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் இல்லை.

பதற்றத்தில் செல்போனில் பிரிண்டர் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்த 'உதவி மைய' எண்ணுக்குப் போன் செய்தேன். மிக மரியாதையாகப் பேசினார்கள். ஒரு செயலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். அங்கிருந்தபடியே அவர்கள் என் திரையில் அம்புக்குறியை ஓட்டினார்கள். டிரைவர் கட்டணம் என்று 2,499 ரூபாய் கேட்டார்கள், கட்டினேன். அடுத்த நிமிடம், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இன்னும் 8,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். அப்போதுதான் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, முதல்ல நெட்டைப் பிடுங்குங்க!" என்று சத்தம் போட்டாள். அந்த எண் கம்பெனியின் எண்ணே இல்லை.

வண்டி மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் மேட்டுக்கு ஏறியது. கடைசிக் கடைக்காரர் பாதிச் சரக்கை வேறிடத்தில் வாங்கிவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மெக்கானிக் தம்பி பத்தே நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போனார். பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை. கம்ப்யூட்டரில் 'போர்ட்' என்னும் வழி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நான் கொடுத்த விலையை மற்ற உறுப்பினர்கள் கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை. பில் வரவில்லை என்றதும் நாம் பிரிண்டரைக் குறை சொல்கிறோம். பல சமயம் குற்றம் பிரிண்டரிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

டிரைவர் என்பது என்ன?

சாந்தன்பாறையில் மலையாளம் பேசும் தோட்டக்காரர் ஒருவர். போடிக்கு ஏலக்காய் வாங்க வரும் வடநாட்டு வியாபாரி ஒருவர். இருவருக்கும் பாஷை ஒத்துவராது. இருவர் பாஷையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் பேரம் முடியும். அந்த நடுவர்தான் டிரைவர். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் சிறு புரோகிராம் அது. அந்த ஆள் வரவில்லை என்றாலோ, வேறு பாஷைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டாலோ, தாள் வெறுமையாக வரும். அல்லது புரியாத எழுத்துகள் பக்கம் பக்கமாகக் கொட்டும்.

இப்போது ஏன் இத்தனை தொல்லை?

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. எனவே கம்ப்யூட்டரை மாற்றியவர்கள் ஏராளம். ஆனால் பிரிண்டரை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சரக்கு விற்பனைக்கு ஜி.எஸ்.டி. விதிப்படி பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ஊசியால் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே கார்பன் வைத்து மூன்றையும் ஒரே அடியில் தரும். லேசரும் இங்க்ஜெட்டும் ஒவ்வொன்றாகத்தான் அச்சிடும்.

விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. பழைய பிரிண்டரோடு வந்த சி.டி.யில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் அது இங்கே ஏறாது. 2021-இல் விண்டோஸின் அச்சுப் பகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதை அடைத்தபோது பிரிண்டர் டிரைவர் ஏற்றும் அனுமதியையும் இறுக்கிவிட்டார்கள். மேலும், பிரிண்டர் கம்பெனிகளின் புதிய டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கேபிளைச் செருகியதும் விண்டோஸே டிரைவரைத் தேடிக்கொள்ளும் என்று இனி நம்பியிருக்க முடியாது. பிரிண்டர் தயாரித்த கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் பார்த்தால் எங்கே கோளாறு என்பது தானே தெரிந்துவிடும்.

1. பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள்

கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரிண்டரை மட்டும் சோதியுங்கள். பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் அதுவே எழுத்துகளை வரிசையாக அடித்துக் காட்டும். தெர்மல் பில் பிரிண்டரில் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி போட வேண்டும். எழுத்து ஒழுங்காக வந்தால் பிரிண்டர் நலம் என்று பொருள். எழுத்து மங்கினால் ரிப்பனைப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் புதுப் பிரிண்டருக்கு விலை கேட்க வேண்டாம்.

2. கேபிளைச் செருகும் நேரம்

யூ.எஸ்.பி. பிரிண்டர்களில் பலருக்கும் நேரும் தவறு, டிரைவர் ஏற்றும் முன்பே கேபிளைச் செருகிவிடுவது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை அரைகுறையாகப் போட்டுக்கொள்ளும். பிறகு சரியான டிரைவர் வந்தாலும் இடம் இருக்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த வரியை நீக்கி, கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, டிரைவர் புரோகிராமை ஓட்டுங்கள். 'இப்போது இணைக்கவும்' என்று அது கேட்கும்போது கேபிளைச் செருகுங்கள்.

மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எந்த நிமிடம் போகும் என்று சொல்ல முடியாது. பாதி ஏறும்போது மின்சாரம் போனால் டிரைவர் அரைகுறையாக நின்றுவிடும். யு.பி.எஸ். இருந்தால் அதில் வைத்தே இந்த வேலையைச் செய்வது நல்லது.

3. சரியான டிரைவர்தானா?

பிரிண்டரின் பின்புறம் அல்லது அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் கடைசி எண் மாறினால் டிரைவரும் மாறும். கம்ப்யூட்டர் 32 பிட்டா 64 பிட்டா என்பதை செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் பார்க்கலாம்.

பழைய டாட் மேட்ரிக்ஸுக்கு விண்டோஸ் 11 டிரைவர் கிடைக்கவில்லை என்றாலும் கலங்க வேண்டாம். கையேட்டில் 'எமுலேஷன்' என்ற வரியைப் பாருங்கள். நம் நாட்டுக் கடைகளில் ஓடும் டாட் மேட்ரிக்ஸ்களில் பல, எப்சன் பிரிண்டரின் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. கையேட்டில் குறித்துள்ள எப்சன் மாடலின் டிரைவரைப் போட்டால் வேலை நடக்கும். அதுவும் இல்லையென்றால் விண்டோஸிலேயே 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவர் உண்டு. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே அதில் வரும்.

டிரைவர் ஏற்றும்போது அனுமதி இல்லை என்று வந்தால், பிள்ளைகள் பெயரில் உள்ள சாதாரணக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து செய்யுங்கள். விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பிலிருந்து 'விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்ற ஒரு வசதி இருக்கிறது. அதைத் தெரியாமல் இயக்கிவிட்டால் கம்பெனி டிரைவரை நம்பி ஓடும் பழைய பிரிண்டர்கள் நின்றுவிடும். அது அணைந்தே இருக்கட்டும்.

4. போர்ட்: என்னை ஏமாற்றிய இடம்

டிரைவர் ஏறிவிட்டது, பிரிண்டர் பெயரும் தெரிகிறது, ஆனால் பில் மட்டும் வரவில்லையா? பிரிண்டர் பிராப்பர்டீஸில் 'போர்ட்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய பேரலல் கேபிள் பிரிண்டருக்கு எல்.பி.டி.1 என்று இருக்கும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்த வாய் இருப்பதில்லை. ஒரு மாற்றுக் கேபிள் வாங்கி யூ.எஸ்.பி.யில் செருகுகிறோம். அப்போது யூ.எஸ்.பி.001 அல்லது 002 என்ற போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் வீட்டில் எல்.பி.டி.1 என்றே நின்றுவிட்டது. பில்கள் எல்லாம் இல்லாத வாசலில் போய் நின்றுகொண்டிருந்தன.

இன்னொன்று. கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராகக் கருதி, அதே பெயரோடு 'காப்பி 1' என்று சேர்த்துக்கொள்ளும். நம் கணக்குப் புரோகிராம் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். எந்தத் துளையில் செருகினீர்களோ அங்கே ஒரு சிறு பொட்டு வைத்துவிடுங்கள். 'என் டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கட்டும்' என்று செட்டிங்ஸில் உள்ளதையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் பிள்ளைகள் கடைசியாக எந்தப் பிரிண்டரில் எடுத்தார்களோ அதுவே முதன்மையாகிவிடும்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்போர் கவனிக்க: கம்ப்யூட்டர் செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும், பிரிண்டர் வீட்டு வைஃபையிலும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. வீட்டு உபயோகப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

5. தேங்கி நிற்கும் பில்கள்

ஒரு பில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும், மலைப்பாதை வளைவில் ஒரு லாரி நின்றால் நிற்பது போல. பிரிண்ட் பொத்தானைப் பத்து முறை அமுக்கினால் வரிசை நீளுமே தவிர நகராது. பிரிண்டரை அணையுங்கள். சர்வீசஸ் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசிப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். பெட்டியை அழிக்க வேண்டாம். ஸ்பூலரை மறுபடி இயக்கிப் பிரிண்டரைப் போடுங்கள். பில் அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கணக்குப் புரோகிராமில் அது பத்திரமாக இருக்கும்.

6. காகித அளவும் ரூபாய்க் குறியும்

பில் வருகிறது, ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் இடம் தள்ளித் தள்ளி வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நாம் போடுவது 10 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள பில் தாள். டிரைவர் நினைத்துக்கொண்டிருப்பது ஏ4. 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்' பகுதியில் நம் தாளின் அளவைப் புது ஃபார்மாகப் பதிந்து, அதையே டிரைவரிலும் கணக்குப் புரோகிராமிலும் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தெர்மல் பிரிண்டரில் 80 மில்லிமீட்டர் சுருளா, 58 மில்லிமீட்டர் சுருளா என்று பாருங்கள். தவறான அளவு இருந்தால் வலப்பக்கத் தொகை அறுபட்டுவிடும். தொகை இல்லாத பில் எதற்கு?

ரூபாய்க் குறி 2010-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பல பிரிண்டர்களின் உள்நினைவில் அந்தக் குறி கிடையாது. எனவே எழுத்து முறையில் அடிக்கும்போது அந்த இடத்தில் கேள்விக்குறி வரும். தமிழில் உள்ள கடைப் பெயரும் அப்படியே. கம்பெனி டிரைவர் வழியாகப் படம்போல் அடித்தால் இரண்டும் வரும், நேரம் மட்டும் கூடும். டேலியில் 'நீட் மோட்' என்பது இந்த வகை. 'டாட் மேட்ரிக்ஸ் ஃபார்மட்' என்பது வேகமாக எழுத்து அடிக்கும் வகை. கூட்ட நேரத்தில் எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஜி.எஸ்.டி. கணக்குகளையோ, அந்த ஆண்டுக்கான வருடாந்திரக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நம் பிரதியைத் தெர்மல் தாளில் மட்டும் நம்பி வைக்க வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் 'உதவி' எண்கள்

டிரைவரைத் தேடும்போது முதலில் வருவன பல விளம்பரங்கள். டிரைவர் தருகிறோம் என்று வேறு எதையோ ஏற்றிவிடும் தளங்களும் அவற்றுள் உண்டு. பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளம் தவிர வேறெங்கும் டிரைவர் எடுக்காதீர்கள். பொதுவாகப் பிரிண்டர் கம்பெனிகள் டிரைவருக்குக் காசு வாங்குவதில்லை. பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். உதவி எண்ணைக் கையேட்டிலோ பிரிண்டர் வந்த பெட்டியிலோ பார்த்து எடுங்கள். முகம் தெரியாத ஆள் சொல்லித் திரையைக் காட்டும் செயலியை ஏற்றாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம் வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் இருக்கின்றன. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் மீள வாய்ப்பு உண்டு. நான் திங்கட்கிழமைதான் போன் செய்தேன். அது என் இரண்டாவது தவறு.

பிரிண்டர் நின்றால் வண்டி நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இது அன்று இரவு எனக்குத் தெரிந்திருந்தால் வண்டி பத்து மணிக்குள் போடி மேட்டை நோக்கிக் கிளம்பியிருக்கும்.

மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். ஆனால் அதைத் தாளில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. அந்த எண் வண்டிக்காரரின் செல்போனில் இருந்தாலே போதும். பில்லையும் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆண்டு விற்பனை ஐந்து கோடி ரூபாயைத் தாண்டாத, இ-இன்வாய்ஸ் கட்டாயம் இல்லாத கடைகள் கையாலும் எழுதலாம். தனி வரிசை எண் போட்ட பில் புத்தகம் ஒன்றை அச்சடித்துக் கல்லாவில் வைத்திருங்கள். கம்ப்யூட்டர் வரிசை எண்ணோடு கலக்காமல் வேறு முன்னெழுத்துப் போட்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதி, வண்டியை அனுப்பிவிட்டு, மறுநாள் நிதானமாகக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். இ-இன்வாய்ஸ் போடும் பெரிய வியாபாரிகள் அதன் க்யூ.ஆர். குறியீட்டை வழியில் செல்போனிலேயே காட்ட விதியில் இடமுண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிரிண்டர் மாடல் எண், டிரைவரின் பெயர், போர்ட், காகித அளவு, கம்பெனியின் உண்மையான உதவி எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். டிரைவரை ஒரு பென் டிரைவில் சேமித்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். மேட்டுக் கடைகளில் இணையம் விட்டுவிட்டுத்தான் வரும். மழை நாளில் அந்தப் பென் டிரைவ்தான் உதவும். புதிய கம்ப்யூட்டர் வாங்குமுன், 'என் பிரிண்டர் இதில் ஓடுமா?' என்று கேட்டு, விற்பவர் கடையிலேயே ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தராசு வாங்கும்போது படிக்கல் வைத்துப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லையே!

இப்போது எங்கள் வீட்டில் அந்த நோட்டு மகளின் பொறுப்பில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமையும் பிரிண்டர் நின்றது. அவள் நோட்டைப் பார்த்து ஸ்பூலரைச் சுத்தம் செய்தாள். வண்டி ஒன்பதரைக்குக் கிளம்பியது.